பச்சைத் துணிக்கு இன்னொரு நடை

பெரிய ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கிற லாண்டரியில் வேலை பார்க்கிறவர்களைத் தெருவில் பார்த்தாலே சொல்லிவிடலாம். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருக்கும். வீக்கமெல்லாம் இல்லை, மிட்டாய். காய்ந்த துணியை உதறும்போது கிளம்புகிற பஞ்சுத் தூசு தொண்டையில் இறங்கினால் வறட்டு இருமல் பிடித்துக்கொள்ளும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் தூசு அண்டாது என்று எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்து வைத்திருந்தான். வாசலில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருக்கும். உள்ளே போகிறவர்கள் அள்ளி மடியில் போட்டுக்கொள்ளலாம், கேள்வி கேட்பார் கிடையாது. ஒரு ஜோடி கையுறைக்கு நாயாய் அலையவிடுகிற நிர்வாகம் மிட்டாய் விஷயத்தில் மட்டும் கர்ணன்.

லாண்டரிக்குப் பின்னால் இருந்த தெருவில், ஒரு மாடி அறையில் நான் கொஞ்ச காலம் குடியிருந்தேன். அந்தத் தெருவில் நடுவயதைத் தாண்டிய ஒருவர்கூட முழுப் பல்வரிசையோடு சிரித்து நான் பார்த்ததில்லை. பெண்கள் சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். முதலில் வெட்கம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கைகளுக்குப் பின்னால் பாதிக்கு மேல் வெறும் ஈறு. பல் வலித்தால் பொறுத்துக்கொள்வார்கள், பொறுக்க முடியாமல் போனால் பிடுங்கிக்கொள்வார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

என் அறைக்குக் கீழ்வீட்டில் இருந்தவனுக்குச் சூட்டுக்கை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான். லாண்டரியில் ஆவிப் பெட்டியில் தேய்க்கிறவன். இரும்பு மூடியை இறக்கினால் ஆவி புஸ்ஸென்று சீறும். மூடியைத் தூக்கின அடுத்த நிமிடம் வெறுங்கையால் துணியை உருவிவிடுவான். மற்றவர்கள் ஊதி ஊதித் தொடும் துணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவான். அதனால் ஒத்தடம் கொடுக்கிற உத்தியோகமும் அவனுக்குத்தான். முதுகு பிடித்துக்கொண்டவர்கள், முட்டி வீங்கினவர்கள், கழுத்துச் சுளுக்கு, வயிற்று வலி, எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில் அவன் முன்னால் வந்து நிற்பார்கள். ஒரு துண்டை நாலாக மடித்து, பெட்டியில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கி, வலிக்கிற இடத்தில் வைத்து அழுத்துவான். "போயிடுச்சா?" என்பான். போயிடுச்சு என்பார்கள். அவனுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டும், வேறு எதில் கர்வப்பட அவனுக்கு வழி இருந்தது?

அவன் மனைவி அதே லாண்டரியில் மடிப்பு மேசையில் நிற்பவள். கெட்டிக்காரி. மூலைக்கு மூலை பிசகாமல் அவள் மடித்து அடுக்கின துணியைக் குலைக்கவே மனசு வராது. அந்த மேசைக்குப் பெரிய தலை அவனுடைய அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தாள். லாண்டரி முழுக்க அவளுக்குப் பெரியக்கா என்றுதான் பெயர், மேஸ்திரிக்கும்கூட.

அந்த வருஷம் மழை பிடித்தது பிடித்தபடி விடாமல் பெய்தது. காயப்போடும் கூடத்தில் ஈரத் துணி குவிந்து, ஒரு புளித்த வாடை தெரு முழுக்கக் கிடந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரியின் பல் டாக்டரம்மா ஒருநாள் லாண்டரிக்குள் வந்தார். சின்ன வயசு. குடையை மடக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பல் பிரிவுல இருக்கேன்."

"தெரியும்மா. உங்க பச்சைத் துணிதான் துண்டு துண்டா வந்து எங்க உசிரை வாங்குது," என்றான் சூட்டுக்கை.

பல் நாற்காலியில் படுப்பவர்களின் நெஞ்சில் போடுகிற சின்னச் சதுரத் துணி அது. டாக்டரம்மா சிரித்தார்.

"அதைப் பத்திதான் பேச வந்தேன். இவ்வளவு பக்கத்துல இருக்கீங்க, உங்கள்ல ஒருத்தர்கூட எங்ககிட்ட வர்றதில்லையே, ஏன்?"

"எப்படி வர்றது?" என்றாள் பெரியக்கா. "காலையில நீங்க டோக்கன் குடுக்கிற நேரத்துல நாங்க துணி முன்னாடி நிக்கிறோம். வேலை விட்டு வந்தா நீங்க பூட்டிட்டுப் போயிடுறீங்க. ஒருநாள் லீவு போட்டா மறுநாள் என் இடத்துல வேற எவளாவது நிப்பா. எங்க பல்லு என்ன லீவு நாளாப் பாத்தா வலிக்குது?"

"அதனாலதான் சாயங்காலமும் திறக்கறதா மேல பேசி ஒத்துக்க வச்சிருக்கேன். நாற்காலி இருக்கு, ஆள் இருக்கு. துணிதான் பத்தலை. காலையில எடுத்த துணி சாயங்காலத்துக்குள்ள சுத்தமாத் திரும்பி வரணும். மத்தியானம் பச்சைத் துணிக்கு இன்னொரு நடை போட்டுக் குடுத்தீங்கன்னா நாளைக்கே திறந்துடலாம்."

ஒரு நடை என்றால் துவைத்து, பிழிந்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற அத்தனையும். மேஸ்திரி சமர்த்தன். தன் வாயால் முடியாது என்று சொல்லவில்லை. "பெட்டியில நிக்கிறவன் சரின்னா எனக்கென்ன?" என்று சூட்டுக்கையைக் கைகாட்டிவிட்டான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பத்துப் பேர் பார்த்தால் அவனுக்கு நாக்கில் ஒரு துள்ளல் வந்துவிடும்.

"டாக்டரம்மா, பிரசவ வார்டுத் துணி காயாமக் கிடக்குது. ஆப்பரேஷன் துணி கிடக்குது. உசிர் போற சமாச்சாரத்தை ஓரமா வச்சிட்டு, பல்லு வெளக்கறதுக்கு ஒரு நடை போடச் சொல்றீங்களே, இது நியாயமா?"

கூடமே சிரித்தது. மடிப்பு மேசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரம்மா அந்தக் கைகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, உங்கள்ல யாருக்காவது வலி இருக்கா? அதையாவது சொல்லுங்க."

சிரிப்பு அடங்கி மற்றவர்கள் கையை இறக்கிவிட்டார்கள். சூட்டுக்கையின் மனைவி மட்டும் இறக்கவில்லை. டாக்டரம்மா குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அன்று வீட்டில் அவள் ரொட்டியை டீயில் ஊறப்போட்டு, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து விழுங்கிக்கொண்டிருந்ததை அவன் கவனித்துவிட்டான்.

"என்ன, ரொட்டியைக் குடிக்கிறே?"

"ஒண்ணுமில்லைங்க. கடைவாய்ப் பல்லு கொஞ்சம் குத்துது."

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடியே."

"அந்தம்மா அவ்வளவு தூரம் கேட்டாங்களே, அப்ப வாயைத் திறக்கறதுக்கென்ன?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டீங்க. அதுக்கப்புறம் நான் போய் எனக்கு வலிக்குதுன்னு நின்னா, உங்க மூஞ்சி என்னத்துக்காகும்?"

அவன் சிரித்து மழுப்பினான். "பூ, இதுக்கா டாக்டர்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எப்பவோ ஓட்டியிருப்பேனே."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் துண்டை மடித்துச் சூடேற்றி அவள் கன்னத்தில் வைத்தான். முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பதம் சரியாக இருந்த பிறகுதான் அவளுக்கு வைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அவன் கையிலேயே சாய்ந்துகொண்டாள். அன்றிலிருந்து தினமும் ஒத்தடம். மேசைப் பெண்கள் கேலி செய்தார்கள். "எங்களுக்கெல்லாம் ஒரு அமுக்கு, பொண்டாட்டிக்கு மட்டும் கல்யாண விருந்தா?" அவன் பெருமையாகச் சிரித்துக்கொண்டான். அப்போது அந்த மனிதனைப் பார்த்திருந்தால் யாருக்குமே பொறாமையாக இருந்திருக்கும்.

பெரியக்கா தன் வீட்டு அலமாரியைத் துழாவி, எப்போதோ காய்ச்சலுக்குக் கொடுத்ததில் மிச்சம் இருந்த மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதைப் போடு. எல்லாம் ஒரே மாத்திரைதான். நான் இந்த வாயில எத்தனை பல்லைத் தொலைச்சிருப்பேன்? பல்லு வலிச்சு யாராவது செத்திருக்காங்களா?"

அதைக் கேட்டு மூன்று பேரும் சிரித்தார்கள். மாடிப்படியில் நின்ற நானும் சிரித்தேன்.

ஒருநாள் காலையில் வலி நின்றுவிட்டது. குறையக்கூட இல்லை, பட்டென்று நின்றுவிட்டது. அவள் வாசலில் நின்று, "அப்பாடா, யாரோ கையால எடுத்துப் போட்ட மாதிரி இருக்கு," என்றாள். சூட்டுக்கை தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னான். "பாத்தியா என் கையை? டாக்டரம்மா குடையைப் பிடிச்சிக்கிட்டு வந்துட்டாங்க, பாவம்." மாத்திரையும் அன்றோடு நின்றது. வலியே இல்லாதபோது மாத்திரை எதற்கு? சூட்டை மட்டும் விடவில்லை. திரும்ப வந்துவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தான்.

வலி நின்றது, ஆனால் கன்னம் வற்றவில்லை. வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கியது. வேறு எந்த இடமாக இருந்தாலும் பத்துப் பேர் பதறியிருப்பார்கள். இங்கே யாருக்கும் அது கண்ணில் உறைக்கவே இல்லை. இந்த லாண்டரியில் யாருக்குத்தான் கன்னம் புடைக்கவில்லை?

"ஏம்மா, மிட்டாயை அந்தப் பக்கத்துக்கே குடி வச்சிட்டியா? இந்தப் பக்கமும் கொஞ்சம் தள்ளு," என்றான் துவைக்கும் டிரம்மில் நிற்பவன்.

பிறகு இந்தப் பக்கமும் புடைத்தது. "சொன்னதும் தள்ளிட்டா பாரு," என்று அவனே சிரித்தான்.

அவள் பேச்சுதான் முதலில் மாறியது. சூடான சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரி வார்த்தைகள் குழறின. அதற்கும் மிட்டாய்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். தண்ணீர்கூடச் சிரமப்பட்டுத்தான் இறங்கியது. ஒரு விடியற்காலையில் அவன் கண் விழித்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"படுக்கலையா?"

"படுத்தா மூச்சு முட்டுதுங்க."

"மழைக்குச் சளி கட்டியிருக்கும். இன்னிக்கு வேலைக்கு வராதே."

"வராம? அந்த இடத்துல வேற ஆளைப் போட்டுட்டா?" என்று எழுந்து தலையை முடிந்துகொண்டாள். "மத்தியானம் கழுத்துக்கும் சேத்து ஒத்தடம் குடுங்க. உங்க கை பட்டா கொஞ்சம் தேவலை."

கொடுத்தான். தாடைக்குக் கீழே தொட்டபோது சதை சதையாக இல்லை. துணி மடிக்கிற மேசைப் பலகை மாதிரி இருந்தது. சொன்னால் அது நிஜமாகிவிடுமோ என்று பயந்தவன் போல வாயை மூடிக்கொண்டு, துண்டை மறுபடியும் சூடு பண்ணினான்.

வேலை முடியப் போகிற நேரம். கூடத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் முன்னால் பச்சைத் துணிகள் இருந்தன. மேல் துணியின்மீது சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்ததைப் பெரியக்கா பார்த்தாள். கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். ஒழுகவில்லை. தம்பி பெண்டாட்டியின் வாயிலிருந்து எச்சில் கோடாக வடிந்துகொண்டிருந்தது.

"ஏய், என்னடி இது? சுத்தமான துணி மேல. வாயில இருக்கிறதைத் துப்பு."

அவள் தலையை ஆட்டினாள். மூச்சு கீச்சென்று ஒரு சத்தத்தோடு உள்ளே போயிற்று.

"மிட்டாய் தொண்டையில மாட்டிக்கிச்சா? காட்டு, காட்டு."

பல்வரிசை ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. பெரியக்கா விளக்கின் பக்கம் அவள் முகத்தைத் திருப்பி, விரலை விட்டுத் தடவினாள். அப்படியே விரலை இழுத்துக்கொண்டாள்.

"தம்பீ!" அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்ததை அங்கே யாரும் கேட்டதில்லை. "மிட்டாய் இல்லடா. வாயில ஒண்ணுமே இல்லடா. நாக்குதான்டா மேல ஏறி அடைச்சிக்கிட்டு நிக்குது!"

துணி தள்ளுகிற வண்டியைக் கவிழ்த்துக் காலி செய்து, அதில் அவளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். படுக்க வைத்தால் கையைக் காலை அடித்துக்கொண்டாள். மழைத் தண்ணீரில் சக்கரம் சறுக்கியது. லாண்டரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் முதலில் வருவது பல் பிரிவுதான். சூட்டுக்கை நேராக அந்தக் கதவில் போய் மோதினான். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே அந்த நாற்காலி தெரிந்தது, மேலே உறை போட்டு மூடியிருந்தது. அவன் கதவை இரண்டு கையாலும் அடித்தான்.

"அடிக்காதடா, அங்க யாருமில்லை!" என்று பெரியக்கா அழுதாள். "சாயங்காலம் திறக்க மாட்டாங்கடா!"

அவன் கை கதவிலேயே நின்றது. டிரம் ஆள் அவனை இழுத்து வண்டியில் கையை வைக்கச் செய்ய வேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டு நீளமான வராந்தா வழியாக அவசரப் பிரிவுக்குத் தள்ளினார்கள். போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

பல் டாக்டரம்மாவைக் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து வெளியே வந்தபோது அவர் முன்னங்கையெல்லாம் சிவந்திருந்தது. சூட்டுக்கையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"வீட்டுல ஏதாவது பண்ணினீங்களா?"

"ஒத்தடம் குடுத்தேன்மா."

"சூடாவா?"

"என் கையாலதான் குடுத்தேன்." கையைப் பார்த்துக்கொண்டான். "வலி நின்னிடுச்சும்மா. நல்லா நின்னிடுச்சு. அதுக்கப்புறம்தான் இப்படி..."

டாக்டரம்மா அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "நின்னது சரியானதால இல்லைங்க. பல்லுக்கு அடியில அடைபட்டிருந்த சீழ் எலும்பைத் துளைச்சிட்டு வெளிய வந்திருக்கு. அழுத்தம் விட்டதும் வலி நின்னுபோச்சு. ஆனா சீழ் கழுத்துக்குள்ள பரவிடுச்சு. பல்லு வீக்கத்துக்குச் சூடு வைக்கவே கூடாது. அது சீழை இன்னும் பரவ விட்டுடும்."

"அது எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுதான். யார் உங்களுக்குச் சொன்னாங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்தப் பதிலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"பிழைச்சிடுவாளா?"

"குழாய் வழியா மூச்சு போகுது. அந்தப் பல்லை எடுத்தாச்சு, சீழையும் வெளிய விட்டிருக்கோம். நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கக் கூடாது. இப்போதைக்கு என்னால வேற எதுவும் சொல்ல முடியாது."

மறுநாள் காலையில் அவனை உள்ளே விட்டார்கள். அவள் கண் திறந்திருந்தது. கழுத்தில் குழாய், தாடைக்கு அடியில் கட்டு, அவன் கையால் எத்தனையோ தடவை தேய்த்து அனுப்பிய அதே வெள்ளை விரிப்பு. பேச முடியாது. அவன் பக்கத்தில் போய், பழக்க தோஷத்தில் அவள் கன்னத்தில் கையை வைக்கப் போனான். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமா, பயமா, வலியா, கேட்டால் சொல்ல அவளுக்குக் குரல் இல்லை. அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு, நர்ஸ் போகச் சொல்கிறவரைக்கும் அப்படியே நின்றான்.

மத்தியானம் லாண்டரி வாசலில் அவனைப் பார்த்த மேஸ்திரி பதறிப்போனான். "உன்னை யாருப்பா இன்னிக்கு வரச் சொன்னது? அங்க இருக்க வேண்டியதுதானே?"

"உள்ள விட மாட்டேங்கிறாங்க." அவன் தோளில் ஒரு மூட்டை இருந்தது. பல் பிரிவில் கேட்டு வாங்கிவந்தது. அதை இறக்கித் தரையில் பிரித்தான். காலையில் எடுத்த பச்சைத் துணிகள், சிலதில் இரத்தக் கறை. "இன்னொரு நடை போடணும். சாயங்காலத்துக்குள்ள."

யாரும் சிரிக்கவில்லை. டிரம் ஆள் வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

துவைத்து வந்த துணிகளைச் சூட்டுக்கை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். வெளியே மழை வெறித்த மாதிரி இருந்தது, மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. பெரியக்கா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுது அழுது அவள் முகமே அதைத்துப் போயிருந்தது.

"தம்பி, இந்த நேரத்துல இதைக் கேக்கக் கூடாதுதான்."

"என்னக்கா?"

"நேத்திலேர்ந்து தலையெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இந்தப் பக்கமா ஒரு துணி சூடு பண்ணிக் குடேன்டா. கொஞ்சம் வச்சா போதும்."

அவன் கை அவனைக் கேட்காமலே ஒரு துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டது. மூடியை இறக்கப் போனவன் நின்றான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது.

"அக்கா, கன்னத்துல என்ன?"

"என்னடா புதுசாக் கேக்கறே? மிட்டாய்தான்."

"துப்பு."

"டேய்..."

"துப்புக்கா!"

அவன் போட்ட சத்தத்தில் மடிப்பு மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியக்கா மிரண்டுபோய், பாதி கரைந்த மிட்டாயை உள்ளங்கையில் துப்பி அவனிடம் நீட்டினாள்.

கன்னம் வற்றவில்லை.